மாப்பிள்ளையின் கால்கள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் கை தொட்டது. அதற்கு மேல் எனக்குச் சாட்சி கிடையாது.

கால்பந்து கிளப் ஒன்றில் ஆட்டக்காரர்களுக்குக் கால் பிடித்துவிடுவது என் வேலை. போர் வந்ததும் கூட இருந்த மசாஜ்காரரைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மொத்த டீமும் என் தலையில். எங்கள் சென்டர் ஃபார்வர்டும் போர்முனைக்குப் போயிருந்தார். அவர் என் தங்கையின் கணவர். அவளுக்கு ஏழாம் மாதம். தினமும் நான் செருப்பைக் கழற்றும் முன்பே, "ஏதாவது தெரிஞ்சுதாண்ணா?" என்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தே மெதுவாக வீட்டுக்கு நடப்பேன்.

அன்று மாலை ஆறு மணி. கரண்ட் இல்லை. கடைசி ஆளையும் அனுப்பிவிட்டுக் கை கழுவித் திரும்பினால், மேஜையில் இன்னொருவர் குப்புறப் படுத்திருக்கிறார். தலையிலிருந்து முழங்கால்வரை துண்டு. 'இது வேறயா' என்று சலிப்பாக வந்தது. முகத்தை யார் பார்த்தார்கள்? எனக்குக் கால்தான் ஆள். எண்ணெயைத் தொட்டு இடது கணுக்காலைப் பிடித்தேன்...

எலும்பு முறிந்து கூடிய அந்தப் புடைப்பு. மாப்பிள்ளையேதான்!

"லீவா மாப்பிள்ளை? சொல்லவே இல்ல?"

அசந்து தூங்குகிறார், பாவம் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் கைவலிகூட மறந்துபோனது.

ஆனால் கால்... ஜில்லென்று இருந்தது. தேய்க்கத் தேய்க்கச் சூடே ஏறவில்லை.

துண்டைப் பார்த்தேன். மூச்சுக்கு ஏறி இறங்கவில்லை.

"மாப்பிள்ளை..."

துண்டை இழுத்தேன்.

வெறும் மேஜை.

விரிப்பின் கால்பக்கம் எண்ணெய்க் கறை. தலைப்பக்கம் ஒரு சுருக்கம்கூட இல்லை.

வீட்டுக்கு ஓடினேன். "மாப்பிள்ளை வந்தாரா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். விடியும்வரை தங்கை வாசலைவிட்டு நகரவில்லை. வா என்று கூப்பிட எனக்கு வாயும் வரவில்லை.

பிறகு ஒருநாள், அவருடன் இருந்த சிப்பாய் வந்தார். நான் அந்தக் காலைப் பிடித்த அதே நாள் காலையில் கண்ணிவெடியில் மாப்பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் போய்விட்டனவாம். இல்லாத கால்கள் வலிக்கின்றன என்று பகலெல்லாம் கத்தினாராம். பொழுது சாயும் நேரம் திடீரென்று அடங்கினாராம்.

"'மச்சான் புடிச்சு விடுறாரு, இப்ப வலிக்கல'ன்னு சொன்னாரு. அப்புறம் கண்ணே திறக்கல."

தங்கை அழவில்லை. என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா புடிச்சு விட்டியாண்ணா?"