ஒருக்களித்த திரை

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு இது நடந்தது பட்டப்பகலில். நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துவிட்டுப் போங்கள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் என் தொழில். அன்று சாப்பிடக்கூட விடாமல் முதலாளி விரட்டினார். "ஒரு பொண்ணுக்கு மூணு மணிக்கு வீடியோவில இன்டர்வியூ. ஹார்ட் டிஸ்க் போயிடுச்சாம். புதுசு மாட்டி ஓ.எஸ். போட்டுட்டு வா. அரை மணி நேர வேலை."

அரை மணி நேரமாம். அவரே வந்து செய்திருக்க வேண்டியதுதானே.

அவள் வீட்டு மாடியில் ஜன்னல் சாத்திய அறை. மேசை மேல் கம்ப்யூட்டர், அதை ஒட்டி ஒரு கட்டில். அந்தப் பெண் அறை வாசலிலேயே நின்றாள்.

"இந்த வேலையும் போச்சுன்னா வீட்டைக் காலி பண்ணணும் அண்ணா," என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

புது டிஸ்க்கை மாட்டி, என் பென் டிரைவிலிருந்து இன்ஸ்டாலைத் தொடங்கினேன். திரை வந்தது... பக்கவாட்டில். எழுத்தெல்லாம் மேலிருந்து கீழாக ஓடியது.

திரையைத் திருப்பி வைத்தால் அது டிஸ்க்கில்தான் பதிவாகும்; பழைய டிஸ்க்கோ என் பையில் கிடக்கிறது. புதியதில் ஒன்றுமே இல்லை. பிறகு யார் திருப்பியது? கேபிளைப் பிடுங்கி மாற்றினேன். கீழே போய் அவளிடம் வேறு மானிட்டர் கேட்டு வாங்கி வந்தேன். அந்தச் சனியனும் சாய்ந்தே வந்தது. மணி 2:30.

கோபம் தலைக்கேறியது. எப்படியாவது படித்துத் தொலைக்கலாம் என்று கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தேன். எழுத்து நேராகத் தெரிந்தது. சரியாக என் கண் மட்டத்தில்.

தலையணை சூடாக இருந்தது.

முதுகுக்குப் பின்னால்... கர்ர்... கர்ர்... சளி கட்டிய மூச்சு.

துள்ளி எழுந்தேன். யாரும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

ஆனாலும் எனக்கு வந்தது கோபம்தான்.

"யாரா இருந்தாலும் சரி, அந்தப் பொண்ணு பொழைப்புல மண்ணைப் போடாதே. திருப்பித் தொலை."

மூச்சு நின்றது.

திரை... மெதுவாக...

நேரானது.

2:52க்கு வேலை முடிந்தது. திரும்பிப் பார்க்காமல் இறங்கி ஓடினேன்.

மறுநாள் அவளே ஃபோன் செய்தாள். வேலை கிடைத்துவிட்டதாம். நல்லது என்று சொல்லிவிட்டு, திரை சாய்ந்து வந்ததைச் சொல்லி ஏன் என்று கேட்டேன்.

"அப்பா கடைசி ரெண்டு வருஷம் படுத்த படுக்கைதான் அண்ணா. ஒருக்களிச்சபடியே பார்க்கட்டும்னு நான்தான் திரையைத் திருப்பி வச்சிருந்தேன். ஆனா அது பழைய டிஸ்க்லதானே?"

"அதான் கட்டிலை மேசையை ஒட்டிப் போட்டிருக்கியாம்மா?"

"கட்டிலா? அப்பா இறந்த வாரமே அதைத் தூக்கிக் கொடுத்துட்டோமே. அந்த ரூம்ல மேசையும் நாற்காலியும்தான் இருக்கு."