பீப்பாய்க்கு வைத்த பொட்டு

போன சனிக்கிழமை மகள் என் கழுத்தில் ஒரு வைன் கிளாஸைத் தொங்கவிட்டாள். கோயில் திருவிழாவில் தொண்டர்களுக்கு அட்டை கொழுவிவிடுவார்களே, அதேபோல் சின்னத் துணிப்பை ஒன்றில் போட்டு, நாடா கட்டி. ரெனானில் ரயிலேறி, சுவிஸின் வலே பள்ளத்தாக்குக்கு வந்திருந்தோம். என் பிறந்தநாளுக்கு அவள் தந்த பரிசு இது: திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே எட்டுக் கிலோமீட்டர் நடை, வழியில் நிலவறைகளில் வைன் ருசி பார்த்தல், கடைசியில் நெருப்பில் வாட்டிய மரோன் என்னும் செஸ்ட்நட் கொட்டையும் சீஸும். முழங்கால் மாத்திரையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

முதல் நிலவறைக்குள் காலை வைத்ததும் மூக்கு என்னை முப்பது வருடம் பின்னுக்கு இழுத்துவிட்டது. ஈரக் கல், பழைய பீப்பாய் மரம், புளித்த திராட்சைச் சக்கை. நீங்கள் இந்த மணத்தை அறிந்திருக்காவிட்டால், தோசை மாவுச் சட்டியை மூடிவைத்துவிட்டு இரண்டு நாள் மறந்து பாருங்கள். கொஞ்சம் கிட்டவாக வரும்.

இந்தப் பள்ளத்தாக்கில் நான் வேலை செய்தது மகளுக்குத் தெரியும். அங்கே அடித்த கூத்து தெரியாது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. வேலை செய்யலாம் என்று ஒரு தாள் தந்திருந்தார்கள். அதில் என் பெயருக்குக் கீழே, யாரிடம் வேலை செய்கிறேனோ அந்த மதாமின் பெயரும் இருந்தது. மதாம் வேண்டாம் என்று சொன்னால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று யோசிக்கவே பயம். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பேன். யாராவது குரலை உயர்த்தினால் கை தானாக அங்கே போகும். பொலிஸ்காரன்தான் என்றில்லை, ரயிலில் டிக்கெட் பார்ப்பவர் இருமினாலும் போகும்.

மதாம் ஒரு நிலவறையும் அதோடு சேர்ந்த சின்னச் சாப்பாட்டுக் கடையும் வைத்திருந்தார். மலைச்சரிவில் பழைய நீர் வாய்க்கால் ஓரமாக நடக்க வருபவர்கள், சைக்கிளில் வருபவர்கள், எல்லோரும் அங்கே இறங்குவார்கள். சமையலறையில் ராசன் அண்ணை. புங்குடுதீவுக்காரர். எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தவர். அவர் கிழங்கு அவிப்பார், உருகிய ராக்லெட் சீஸைத் தட்டில் வழித்துக் கொடுப்பார். நான் நிலவறையில் பீப்பாய் கழுவுவேன், நிலம் உரஞ்சுவேன். அண்ணைக்கு நிலவறையில் என்ன நடக்கும் என்று தெரியாது. எனக்கோ நிலவறைக்கு வெளியே என்ன நடக்கும் என்று தெரியாது. இரண்டு பேரும் உலகம் அறிந்தவர்கள் மாதிரிக் கதைப்போம்.

மதாம் முதல் நாளே ஒரு சட்டம் போட்டிருந்தார். நிலவறைக்குள் வாசனை ஆகாது. சென்ட் பூசக்கூடாது, சிகரெட் பிடிக்கக்கூடாது. வைனின் மணம் கெட்டுவிடுமாம். நான் பூசுவதும் இல்லை, பிடிப்பதும் இல்லை. ஆகவே சட்டம் எனக்கில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

திராட்சை பிழியும் மாதத்தில்தான் ஆயுத பூசையும் வந்தது. ஊரில் அப்பா நெல்லு மில்லில் வேலை செய்தவர். அந்த நாளில் இயந்திரத்தைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டாமல் அவர் சுவிட்சில் கை வைத்ததில்லை. இங்கே எனக்குச் சோறு போடுவது திராட்சை பிழியும் பெரிய மர இயந்திரமும் பீப்பாய்களும். அவற்றைச் சும்மா விடலாமா? சூரிச்சுக்குப் போன ராசன் அண்ணையைக் கொண்டு சந்தனமும் கற்பூரமும் வாங்குவித்தேன். விடிந்ததும் போய், இயந்திரத்துக்கு ஒன்று, பன்னிரண்டு பீப்பாய்க்கும் ஒவ்வொன்று என்று பொட்டு வைத்தேன். ஒரு கோப்பைத் தட்டில் கற்பூரம் கொளுத்தி எல்லாவற்றுக்கும் காட்டினேன். கஞ்சத்தனம் பார்க்கவில்லை, ஏழெட்டுக் கட்டி போட்டேன். காற்றுக்கு அணையாமலிருக்கக் கதவையும் சாத்தியிருந்தேன்.

பத்து மணிக்கு நடைக்காரர் கூட்டமொன்று வந்தது. இருபது பேர் இருக்கும். வைன் ஊற்றும் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று மதாம் அன்றைக்கு என்னை ஊற்றச் சொன்னார். அதுவரை நான் ருசி பார்க்கும் இடத்தில் நின்றதே இல்லை. முன்னால் நின்ற மனிதர் கிளாஸுக்குள் மூக்கை விட்டார். நெற்றியைச் சுருக்கினார். ஒரு வாய் எடுத்து, கொப்பளித்து, பக்கத்திலிருந்த வாளிக்குள் துப்பினார்.

அடுத்த பெண்ணும் துப்பினார். பிறகு ஒருவர் மிச்சமில்லாமல், வரிசையாக, நெற்றியைச் சுருக்குவதும் துப்புவதுமாக நின்றார்கள். என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பீப்பாயில் இருந்த சந்தனப் பொட்டு. பன்னிரண்டு பீப்பாயையும், ஒரு வருட உழைப்பையும், ஒரு தட்டுக் கற்பூரத்தில் நாசமாக்கிவிட்டேன்.

போத்தலை வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன்.

"அண்ணை, எல்லாரும் துப்பினம்."

"எதைத் துப்பினம்?"

"வைனை. நான் உள்ளுக்க கற்பூரம் கொளுத்தினனான்."

அண்ணை கையிலிருந்த கிழங்கைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கற்பூரத்தை வாங்கிக்கொண்டு வந்தது தான்தான் என்பது அவருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

"போய்ச் சொல்லு. அவையள் கண்டுபிடிக்க முதல் நீயே சொல்லு. என்ரை பேரைச் சொல்லாதை."

கூட்டம் வாசலில் கொட்டை கொறிக்கப் போனதும் மதாமிடம் போனேன். எனக்கு முப்பது பிரெஞ்சுச் சொல் தெரியும், அதில் பத்து பாத்திரங்களின் பெயர். மதாம், நான், நெருப்பு, சாமி, மன்னிப்பு என்று அடுக்கினேன். பொட்டையும், கறுத்த தட்டையும், வாளியையும் மாறி மாறிக் காட்டினேன். கை சட்டைப்பையில் இருந்தது.

மதாம் பொட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தார். காற்றை முகர்ந்தார். பிறகு ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, வாயிலெடுத்து, கொப்பளித்து, என் கண்முன்னே அதே வாளிக்குள் துப்பினார். எனக்குப் புரியவில்லை. தள்ளாடி நடப்பதுபோல் இரண்டடி நடந்து காட்டினார், விரலால் அடுத்த நிலவறைகளை எண்ணினார். ஆறிடத்தில் குடிப்பவர் விழுங்கினால் மலையில் எப்படி நடப்பார்? ருசி பார்ப்பவர்கள் துப்பத்தான் செய்வார்கள். நெற்றியைச் சுருக்குவது யோசிப்பதற்காக.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன்.

கற்பூரத்துக்குப் பேச்சு விழாமலில்லை. கதவுகளை அகலத் திறந்து வைத்து, கூட்டம் போகும்வரை முற்றத்திலேயே ஊற்ற வைத்தார். ஒரு கிழவர் மட்டும் முதல் கிளாஸில் பைன் காட்டு மணம் இருந்ததென்று சொல்லி, அதையே திரும்பத் திரும்பக் கேட்டாராம். இனிமேல் நெருப்பெல்லாம் முற்றத்து அப்ரிகொட் மரத்துக்குக் கீழே என்று மதாம் தீர்ப்புச் சொன்னார். பொட்டை மட்டும் அழிக்க விடவில்லை. அடுத்த வருடம் திராட்சை வந்து இறங்கியதும், பொட்டு எப்போது என்று அவரே கேட்டார்.

மதாம் இப்போது இல்லை. ராசன் அண்ணை கனடாவில். அந்த நிலவறை இருந்த இடத்தில் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். சனிக்கிழமை அதைக் கடந்துதான் நடந்தோம்.

நாலாவது நிலவறையில் மகள் ஒரு வாய் எடுத்து, லாவகமாக வாளிக்குள் துப்பினாள். நான் ஒவ்வொரு இடத்திலும் விழுங்கிக்கொண்டே வந்திருந்தேன்.

"அப்பா, துப்புங்கோ. இன்னும் ரெண்டு இடம் கிடக்கு."

எனக்குத் துப்ப வராது என்றேன். அந்த நேரம் வெளியே யாரோ குரலை உயர்த்தினார்கள். வழிகாட்டி எங்கள் கூட்டத்தைக் கூப்பிட்டார், அவ்வளவுதான். கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போனது. முழங்கால் மாத்திரையும் ரயில் டிக்கெட்டும் இருந்தன.

மதாமின் பெயர் போட்ட அந்தத் தாளை எங்கே வைத்தேன் என்று நடந்துகொண்டே யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. வீடு வந்தும் நான் தேடவில்லை.