அப்பாவுக்குப் பிடித்தது ரெண்டு ஃபேன் லேப்டாப்

கரையான்சாவடியில் இன்று எனக்கு லேப்டாப் வாங்கினோம். காலேஜ் படிப்புக்கு என்று வீட்டில் சொல்லியிருந்தேன். கேம் விளையாடவும்தான் என்பதைச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு ஆவடி தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கடைக்காரர் காட்டிய மெல்லிய லேப்டாப்பின் மூடியை இருபது முறை திறந்து மூடினார்.

“அப்பளம் மாதிரி இருக்கே தம்பி. அந்தத் தடியா இருக்கறதை எடுங்க.”

“இன்னா சார், அது கேம் ஆடுற பசங்க வாங்கினு போறது. பாப்பா படிக்கிறதுக்கு இதுவே போதும்.”

அந்த நல்ல மனிதரின் வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல் நின்றேன்.

அப்பா தடியானதைக் கவிழ்த்துப் பார்த்தார். “இதுல ரெண்டு ஃபேன் இருக்கு. மெஷின்னா சூடு வெளிய போகணும். பழைய மாடல்தானே, விலையைக் குறைச்சுப் போடுங்க.”

குறைத்துப் போட்டார். வண்டியில் வீடு வரும்வரை முகத்தைச் சோகமாகவே வைத்திருந்தேன்.

வந்ததும் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “லோடு குடுத்துப் பாக்கணும். பெரிய வேலையா ஏதாவது ஓட்டு.”

எக்செல் திறந்தேன். ஃபேன் சத்தமே இல்லை.

“இது பத்தாது.”

வேறு வழியில்லாமல் ஒரு கார் ரேஸ் கேமை இறக்கி ஓட்டினேன். ஒரு மணி நேரம் அடியில் கை வைத்துச் சூடு பார்த்தார். நிறுத்தப் போனபோது, “நிறுத்தாத, இன்னும் வேகமாப் போ” என்றார்.

படிக்கச் சொல்ல வந்த அம்மாவிடம், “டெஸ்ட் நடக்குது, தொந்தரவு பண்ணாத” என்றார்.

ஒரு நாள் டெஸ்ட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாதாம். ஒரு வாரம் பார்க்க வேண்டுமாம். அதை வாரண்டி முடியும்வரை நீட்டிக்க என்ன சொல்லலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.