பெரிய பாயும் இரண்டு பாகக் கயிறும்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சைக்கிள் திருத்துகிறவர். வள்ளம் ஓட்டுகிறவர் அல்லர். இந்த வேறுபாட்டை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. சைக்கிளும் ஓடுகிறது, வள்ளமும் ஓடுகிறது, ஓடாமல் நிற்கிற எதையும் தன்னால் ஓட வைக்க முடியும் என்பது அவருடைய கட்சி.

போரால் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அவர் வவுனியாவில் ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்தார். நாங்கள் கொக்கிளாய்க்குத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவுகளில் ஒன்றுதான் மிச்சம், அதுவும் உடைந்தது. ஆனால் வளவின் பின்புறத்துப் பற்றைச் செடிகளுக்குள் அப்பாவின் பழைய மரவள்ளம் குப்புறக் கிடந்தது. அதைக் கண்டதும் அப்பா சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். வள்ளம் கிடைத்ததே தவிர, வீட்டை எழுப்பும்வரை அப்பா லொறி ஓட்டப் போகவேண்டியிருந்தது. கனகராயன்குளத்துப் பக்கம் கல் ஏற்றிவிட்டு இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவார். ஆகவே வள்ளம் மாமாவின் கைக்கு வந்தது. இந்தக் கதை நடந்தபோது எனக்குப் பதினொரு வயது.

வள்ளத்துக்கு ஒரு குணம் இருந்தது. பின்னால் காற்று அடித்தால் சமத்தாகப் போகும். காற்று பக்கவாட்டில் வந்தால் நண்டைப்போலச் சரிந்து சரிந்து, நாங்கள் நினைத்த இடத்தை விட்டு அது நினைத்த இடத்துக்குப் போகும். ஊரை ஒட்டி, கடலோடு சேரும் உப்புநீர்க் களப்பின் மேற்குப் பக்கத்தில் வலை போட்டு இறால் பிடித்தோம். விடியற்காலையில் போன மாமா திரும்பி வர மத்தியானமாகிவிடும். பாதி வழி தடி ஊன்றித்தான் வருவார். மீன் வாங்க வரும் முஸ்லிம் வியாபாரி, எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவர், அதற்குள் மோட்டார் சைக்கிளில் ஐஸ்பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டிருப்பார்.

"தம்பி, உங்கட வள்ளம் கரைக்கு வாறதுக்குள்ள என்ர ஐஸ் எல்லாம் கரைஞ்சு போகுது" என்று ஒருநாள் அவர் சொன்னார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் கரையில் நாலுபேர் நின்று கேட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து மாமாவுக்கு வேறு சிந்தனை இல்லை. பாய்மரம் காற்றில் ஆடுவதுதான் முதல் பிழை என்று கண்டுபிடித்து, சைக்கிள் பிரேக் கம்பிகளைச் சேர்த்துப் பின்னி மூன்று பக்கமும் இழுத்துக் கட்டினார். மரத்தின் உச்சியில், பாயை ஏற்றும் கயிறு சிக்காமல் ஓடுவதற்காக, பழைய சைக்கிளொன்றின் முன்சில்லின் நடுத்துண்டை இரண்டு பலகைகளுக்கு நடுவே பொருத்தினார். கயிற்றை இழுத்தால் அது கிர்ரென்று சுற்றும். நாங்கள் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்காகவே இழுத்துப் பார்ப்போம். வள்ளம் சரியாமலிருக்க, உடைந்த கதவின் பலகையொன்றை ஓரத்தில் நீருக்குள் இறங்கும்படி தொங்கவிட்டார். இதெல்லாம் நல்ல வேலைகள். இப்போது நினைத்தாலும் குறை சொல்ல முடியாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமா பாயையும் பெரிதாக்கினார்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வருடம் கூரையாக இருந்த வெள்ளைத் தறப்பாள், தகரம் போட்ட பிறகு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதை முழுசாகப் பாயாக்க வேண்டும் என்றார். அம்மா தையல்காரி. துணியைக் கண்ணால் பார்த்தே அளவு சொல்லுவா. தறப்பாளை விரித்து, வள்ளத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பாதி போதும் என்றா.

"பெரிய சட்டை போட்டால் ஆள் பெரிசாயிடுவானோ?"

"அக்கா, இது சட்டை இல்லை. காத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

அம்மா ஒன்றும் பேசாமல் மெஷினில் உட்கார்ந்து, அவர் கேட்ட அளவிலேயே ஓரம் தைத்துக் கொடுத்தா. அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு வேலையைச் செய்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பயம். மாமாவுக்கும் பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அவர் பெரிய பாயைப் பற்றி ஊர் முழுக்கக் கதைத்துவிட்டார். நானாவிடம், வாற சனிக்கிழமை ஐஸ் உருகுறதுக்கு முன்னம் வந்து நிற்பேன் என்று சவாலும் விட்டிருந்தார்.

இனி என் பங்கைச் சொல்லவேண்டும்.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் நான் கயிறடிப்பதற்கு, கயிற்றைச் சுழற்றித் தாண்டும் போட்டிக்கு, பெயர் கொடுத்திருந்தேன். கயிறு அவரவர் கொண்டுவர வேண்டும் என்று ரீச்சர் சொல்லியிருந்தா. வெள்ளிக்கிழமை பின்னேரம் கரைக்குப் போனேன். வள்ளத்தில், பாய்மரத்தின் அடியில், பாயை ஏற்றும் புது நீலநைலோன் கயிறு சுருண்டு கிடந்தது. கட்டிய இடத்துக்கு அப்பால் சும்மா கிடந்த மிச்சம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், அப்படி அளந்தேன், இரண்டு பாகம் வந்தது. நுனியில் மாமா பெரிய முடிச்சொன்று போட்டிருந்தார். கைப்பிடி செய்துவைத்ததுபோல் இருந்தது. மாமாவின் கத்தியாலேயே அறுத்தேன். நுனி பிரியாமலிருக்க அவர் செய்வதைப்போலத் தீக்குச்சி கொளுத்தி உருக்கியும் விட்டேன். களவிலும் ஒரு ஒழுங்கு இருந்தது.

அடுத்தநாள் காலை, வள்ளத்துக்குள் ஊறும் தண்ணீரை அள்ளி ஊற்ற மாமா என்னையும் ஏற்றிக்கொண்டார். கடற்பக்கமிருந்து மெல்லிய காற்று. பெரிய பாய் ஏறியதும் வள்ளம் எழும்பிப் போனது. அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. மாமா பின்னால் இருந்து, "எப்பிடி, மருமோள்? எப்பிடி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வலையில் இறாலும் நிறைய. நானாவின் ஐஸ்பெட்டி கொள்ளாது என்று சிரித்தார்.

திரும்பும்போதுதான் மேற்கு கறுத்தது. பங்குனி கடைசியில் வரும் இடிமழை. அதற்கு முன்னால் வரும் காற்று எங்களைப் பின்னாலிருந்து பிடித்தது. வள்ளத்தின் மூக்கு நீருக்குள் குத்தியது. பிரேக் கம்பிகள் ஊளையிட்டன. எங்கள் கரை இடதுபக்கம் தெரிந்தது. வீடுகளையும் பனைகளையும் ஒன்றொன்றாகக் கடந்து போய்க்கொண்டிருந்தோம். நேரே எதிரில் களப்பு கடலோடு சேரும் முகத்துவாரம். அதற்கு அப்பால் கடல், வெள்ளையாய்ப் பொங்கிக்கொண்டு. அந்தப் பாயோடு கரைப்பக்கம் திருப்பினால் கவிழ்ந்துவிடுவோம் என்பது எனக்கே விளங்கியது.

"குனிஞ்சிரு பிள்ளை! பாயை இறக்கப்போறன்!"

கயிற்றை அவிழ்த்து விட்டார். பாய் இறங்கியது. ஆனால் அதன் தலைப்பக்கம் காற்றோடு முன்னால் பறந்து தண்ணீரில் விழுந்தது. விழுந்த பாய் கயிற்றையும் இழுத்தது. உச்சியில் கிர்ரென்ற சத்தம். நீலக்கயிற்றின் நுனி என் முகத்துக்கு முன்னால் மேலேறி, உச்சியைச் சுற்றி, அந்தப் பக்கமாக வெளியே பறந்தது. அந்த முடிச்சு, கயிறு உச்சிச் சில்லைத் தாண்டி ஓடிவிடாமல் தடுக்கப் போடப்பட்டிருந்தது என்பது அந்தக் கணத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

இனிப் பாயை ஏற்ற வழியில்லை. அந்த அலையில் ஆடும் மரத்தில் ஒருவரும் ஏற முடியாது. மாமா தடியை ஊன்றிப் பார்த்தார், நிலம் எட்டவில்லை. நான் அழவில்லை. அழுதால் உண்மை வாயில் வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரை அள்ளினேன். மனதுக்குள் எல்லாத் தெய்வங்களுக்கும் கயிற்றைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மாமா நனைந்த பாயை உள்ளே இழுத்தார். கயிற்றின் நுனியைக் கையில் எடுத்தார். ஒரு கணம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினார். தறப்பாளைப் பாதிக்கு மேல் சுருட்டி, ஒரு மூலையைத் தன் கை எட்டும் உயரத்தில் மரத்தோடு சேர்த்து அந்தக் கயிற்றாலேயே வரிந்து கட்டினார். மற்ற மூலையைக் கையில் பிடித்தார். கொடியில் காயும் பாவாடை அளவுதான் இருந்தது அது.

"அந்தப் பலகையை விடாமல் அமத்திப் பிடி. காத்து வாற பக்கமா இரு."

காலைத் திணித்துப் பலகையை அமுக்கினேன். வள்ளம் ஒருமுறை தயங்கியது. பிறகு, எனக்கு இன்றும் வியப்புத்தான், காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு கரையை நோக்கித் திரும்பியது. சரியவில்லை, வழுக்கவில்லை. கோடு கீறியதுபோல நேரே போனது. முகத்துவாரத்தின் இரைச்சல் வலப்பக்கம் கேட்டது, பிறகு பின்னால் கேட்டது. அடிப்பலகை மணலில் உரசிய சத்தத்தைப்போல இனிமையான சத்தத்தை நான் பிறகு கேட்கவில்லை.

நாங்கள் மணலில் இறங்கினோம். மழைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. நானா ஓட்டி வந்தார். ஐஸ்பெட்டிக்கும் அவருக்கும் நடுவில், வாழ்க்கையில் மோட்டார் சைக்கிளில் ஏறமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா. வள்ளம் கரையோரமாக ஓடுவதைக் கண்டு அதே திசைக்கு அவர்களும் வந்திருக்கிறார்கள். அம்மா இறங்கி முதலில் என்னைத் தடவிப் பார்த்தா, தலை, தோள், கை என்று, துணியில் கிழிசல் தேடுவதுபோல. பிறகு மாமாவின் முதுகில் இரண்டு அடி போட்டா. பிறகு அவரைப் பிடித்துக்கொண்டு அழுதா.

"என்னடா நடந்தது?"

நான் அம்மாவின் பின்னால் போய் நின்றேன்.

"கயித்து நுனியில முடிச்சுப் போட மறந்திட்டன், அக்கா" என்றார் மாமா. "என்ர பிழைதான்."

நானா பெட்டியைத் திறந்து, "ஐஸ் இன்னும் உருகேல்ல, தம்பி. வெண்டிட்டீங்க" என்றார். மழைக்குள் நின்று எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

நான் அறுத்த கயிற்றை வேலிக்கரையில் புதைத்துவிட்டு, போட்டியில் வேறொரு பிள்ளையின் கயிற்றை இரவல் வாங்கி, மூன்றாவதாக வந்தேன். பாயை அம்மா பாதியாக வெட்டித் தைத்தா. இந்தமுறை மாமா அளவு சொல்லவில்லை. "நீங்களே பார்த்து வெட்டுங்கோ" என்று கதிரையில் சாய்ந்துகொண்டார். அதன்பிறகு வள்ளம் ஒருநாளும் நானாவைத் தவறவிடவில்லை.

மாமா உண்மையிலேயே தான் மறந்துவிட்டதாக நம்புகிறார் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். தன் பிழையை ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத மனிதர் இதை மட்டும் இவ்வளவு இலேசாக ஒத்துக்கொண்டாரே என்று கொஞ்சம் இரக்கமும் பட்டேன். போட்ட முடிச்சு தானாக மறையாது, அறுந்த கயிற்று நுனி தானாக உருகாது என்பது சைக்கிள் திருத்துகிற கைக்குத் தெரியாதா என்று கேட்க எனக்கு அந்த வயதில் தோன்றவில்லை. வளர்ந்தபின் அது தெரிந்தபோது, என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று எண்ணிக் கண் கலங்கினேன். அதுவும் பாதிதான் சரி.

அன்று பின்னேரம் அவர் குசினி வாசலில் குந்தியிருந்து, இறால் குழம்போடு மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டார். பல கிழமைகளாகச் சாப்பாட்டில் மனம் வைக்காதவர், அம்மா போடப் போட வாங்கிக்கொண்டார். உயிர் தப்பிய சந்தோசம் என்றுதான் நினைத்தேன். ஊர் முழுக்கச் சொல்லிக் கட்டிய பாயை, அதன் அளவு பிழை என்று ஒத்துக்கொள்ளாமலே அக்கா சொன்ன அளவுக்குக் குறைக்க, முடிச்சுப் போட மறந்தேன் என்பதுபோல ஒரு சாட்டை ஒரு மனிதர் எத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்திருப்பார் என்பது, அவருக்குப் பக்கத்திலேயே இருந்து இறால் உரித்துத் தின்றுகொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.