சித்தப்பாவிடம் எஞ்சிய சொல்

கொழும்பில், வெள்ளவத்தைச் சந்தையில் சித்தப்பா பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். விலையைக் கேட்பார். மீன்காரரைச் சிங்களத்தில் தம்பி என்றழைத்து, "டூ டியர், மல்லி" என்று சொல்லிவிட்டு, போகப்போகிறவர்போல ஓரடி எடுத்துவைப்பார். மீன்காரர் சிரித்துக்கொண்டே விலையைக் குறைப்பார். 'டியர்' என்றால் விலை அதிகம் என்பதைப் பக்கத்தில் பையோடு நின்ற சித்தி அப்படித்தான் அறிந்துகொண்டார்.

சித்தப்பா ஆங்கிலப் பத்திரிகையொன்றில் அச்சுப்பிழை திருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே சொல் இரண்டு எதிர்ப் பொருள்களைத் தருவதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். கொட்டாஞ்சேனையிலிருந்து நான் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில், 'கிளீவ்' என்றால் பிளப்பது, இறுகப் பற்றிக்கொள்வதும் அதே சொல்தான் என்று சாப்பாட்டை மறந்து சொல்லிக்கொண்டிருப்பார். சித்தி சொதியை ஊற்றியபடி, "உந்தச் சொல்லுகளை வைச்சுச் சோறு காய்ச்சேலுமே?" என்று கேட்பார். ஆனால் சித்தியோடு அவர் ஆங்கிலம் கதைத்ததில்லை. சண்டையும் சமாதானமும் தமிழில்தான். பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இங்கே பாரும்" என்பதைச் சுருக்கி "இஞ்சேரும்" என்பார். அந்த ஒரு சொல்லின் ஏற்ற இறக்கத்திலேயே தேத்தண்ணியா, கோபமா, மகளிடமிருந்து அழைப்பா என்று சித்திக்குத் தெரிந்துவிடும்.

பாரிசவாதம் வந்து அவர் விழுந்தபோது வலது கையோடு பேச்சும் போனது. சில வாரங்களில் பேச்சு கொஞ்சம் திரும்பியது. வந்தவை ஆங்கிலச் சொற்கள் மட்டுமே. சிலருக்கு இப்படி நடப்பதுண்டு, தமிழும் பிறகு வரலாம் என்றார் டொக்டர். சித்தி அறைக்கு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் அவரும் கதைச்சதெல்லாம் தமிழிலதானே பிள்ளை. அதையே பார்த்து எடுத்துப் போட்டுதே."

அதன்பிறகு அவர் ஏதாவது சொன்னால் சித்தி எனக்குத் தொலைபேசி எடுத்து, கேட்டபடியே திருப்பிச் சொல்வார். நான் பொருள் சொல்வேன். ஒருநாள் நேரில் போயிருந்தேன். சித்தி மீனைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். சித்தியின் முகத்தைப் பார்த்து, "டியர்" என்றார் சித்தப்பா.

"ஓமப்பா, விலைதான். அதுக்காகச் சாப்பிடாமல் இருக்கேலுமே?"

சித்தப்பா இல்லையென்று தலையை ஆட்டினார். மறுபடியும் "டியர்" என்றார். கண் நிறைந்து வழிந்தது.

"ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் பிள்ளை. என்ன சாமான் வாங்கினாலும் விலை எண்டு அழுறார்."

"சித்தி, அவர் விலையைச் சொல்லேல்லை. உங்களைத்தான் கூப்பிடுறார்" என்றேன். அன்பான ஆளை அழைக்கவும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் என்று விளக்கினேன். சித்தியின் கை சோற்றுக் கோப்பைக்கு மேலேயே நின்றுவிட்டது. கூச்சமும் திகைப்புமாக, "என்னையோ?" என்றார். பிறகு மெல்ல, "ஓம், நான் இஞ்சதான் இருக்கிறன்" என்று அவருக்குப் பதில் சொன்னார்.

ஆனாலும் பழைய அழைப்பை ஒருதரமாவது கேட்டுவிடவேண்டும் என்று சித்திக்கு ஆசை. பின்னேரங்களில் முன்னால் உட்கார்ந்து, "இஞ்சேரும் எண்டு சொல்லுங்கோ" என்பார். சித்தப்பா வாயைக் கோணி, கழுத்து நரம்பு புடைக்க முயல்வார். "டியர்" என்றே வரும். தோற்றுப்போன அந்த முகத்தைப் பார்க்கமுடியாமல் ஒருநாள் சித்தி நிறுத்திவிட்டார். தமிழ் திரும்பாமலே, ஒரு மத்தியானம், அவர் போய்விட்டார்.

இப்போது சித்தி அந்தத் தொடர்மாடியில் தனியே இருக்கிறார். மகள் வெளிநாட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டபடி இருக்கிறாள். சென்ற கிழமை போனபோது, தேத்தண்ணியைத் தந்துவிட்டு எனக்கெதிரே உட்கார்ந்தார்.

"நாப்பது வருசமா என்னை 'இஞ்சேரும்' எண்டு கூப்பிட்ட மனுசன். அந்தக் குரலைக் கேக்கிறதுக்குக் கண்ணை மூடிப் பார்க்கிறன் பிள்ளை. வருகுதில்லை. கடைசியாக் கூப்பிட்டதுதான் கேக்குது."

யன்னலுக்கு அப்பால் கரையோர ரயில் போயிற்று. சித்தி மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.