கெட்ஸல் வினோகூர் காத்த ஏழு நாள் துக்கம்

கெட்ஸல் வினோகூரின் படம் அடிலெய்டில் அவன் தம்பி வழிப் பேரன்மார் வீட்டில் இன்றும் மாட்டியிருக்கிறது. பாலைவனத்திலும் வேதம் தவறாதவர் என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார்கள். அவன் மனைவி ஹென்யா அதைக் கேட்டிருந்தால் காறித் துப்பியிருப்பாள்.

ராணுவத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, 1907இல் பியாலிஸ்டாக்கிலிருந்து ஓடிவந்தவன் அவன். ப்ரோக்கன் ஹில் என்ற சுரங்க ஊருக்கு வந்தும் வெள்ளிச் சுரங்கத்துக்குள் இறங்கப் பயம். ஊசி, நூல், சீப்பு, துணி என்று மூட்டை கட்டி ஆட்டுப் பண்ணைகளுக்கு நடந்து விற்றான். ஆறு வருஷம் கழித்துக் கப்பல் டிக்கெட் அனுப்பினான். ஹென்யா ஆறு வயது மகள் ஸெல்டாவோடு வந்து இறங்கினாள்.

வந்த அன்றே அடுப்படியில் அவளுக்குக் குமட்டியது. வாணலியில் ஒரு விரல்கடைக்கு, யூதர்களுக்கு ஆகாத பன்றிக் கொழுப்பு உறைந்து கிடந்தது. பண்ணைக்காரர்கள் போட்டதைத் தின்னாமல் உயிர் பிழைத்திருக்க முடியுமா, கடவுளுக்குத் தெரியாதா என்றான் கெட்ஸல். அதுவரை நியாயம்தான் என்று அவளும் விட்டுவிட்டாள். வாணலியைக் கொல்லையில் புதைத்தாள்.

ஆனால் அவன் நாக்கு திருந்தவில்லை. கடை வைத்து, ஊரிலிருந்த யூதக் குடும்பங்களுக்குத் தலைவனாகி, ஜெபக்கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்த பிறகும் சரக்குப் போடப் போகிறேன் என்று வியாழன்தோறும் பண்ணைப் பக்கம் போவான். திரும்பி வரும்போது மீசையில் பன்றிக்கறி நாறும். வீட்டிலோ, அடிலெய்டிலிருந்து ரயிலில் வரும், யூத முறைப்படி அறுத்த கோஷர் இறைச்சி வெயிலில் பாதி அழுகியிருந்தாலும் அதைத்தான் அவளும் மகளும் உப்புப் போட்டுக் கழுவித் தின்ன வேண்டும். அடுத்தவர் சமையலறையில் குற்றம் கண்டுபிடிப்பதிலும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பதினாறு வருஷம் அந்த மீசைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள் ஹென்யா. வாய் திறக்கவில்லை. அவளுடைய அருவருப்பில் பாதி அவள்மேலேயே.

1929இல் ஸெல்டா, வில் டிரெம்பாத் என்ற சுரங்கத் தொழிலாளியைக் கட்டிக்கொண்டாள். கிறிஸ்தவன். மகள் செத்துவிட்டாள் என்று அறிவித்தான் கெட்ஸல். எழவு வீட்டில் யூதர்கள் நாங்கள் செய்வதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தான். கண்ணாடியைத் துணியால் மூடினான். தோல் செருப்பைக் கழற்றினான். ஏழு நாள் துக்கத்துக்கு மண்ணெண்ணெய்ப் பெட்டிமேல் உட்கார்ந்தான். சட்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும். அலமாரியில் நல்ல சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, கழுத்துப்பட்டி நைந்துபோன பழசை எடுத்துக் கிழித்தான். பெற்ற மகளை உயிரோடு புதைக்க வந்த மனசு, ஒரு நல்ல சட்டையைக் கிழிக்க வரவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டேதான் ஹென்யாவும் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தாள். உட்காராவிட்டால் ஊரில் எந்தப் பெண்ணும் அவளோடு பேசமாட்டாள். ஏழு நாளும் உட்கார்ந்து முடித்தாலோ, ஸெல்டாவோடு இந்த ஜென்மத்தில் பேச முடியாது.

முதல் மூன்று நாளும் ஆட்கள் வந்தார்கள். அவித்த முட்டை தின்றார்கள், ஏப்பம் விட்டார்கள், கெட்ஸலின் வைராக்கியத்தை மெச்சிவிட்டுப் போனார்கள்.

நாலாம் நாள் மத்தியானம், திறந்திருந்த கதவு வழியே ஸெல்டா உள்ளே வந்தாள்.

துக்க வீட்டுக்கு யாரும் கதவைத் தட்டாமல் வரலாம். ஆனால் துக்கம் காப்பவர் முதலில் பேசாமல், வந்தவர் வாய் திறக்கக் கூடாது. ஸெல்டா முறை பிசகாமல் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து காத்திருந்தாள். அவன் பேசினால் மகள் உயிரோடிருக்கிறாள் என்றாகிவிடும். கெட்ஸல் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தான். ஈ விரட்டினான். அப்புறம் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, அவள் முகத்துக்கு நேரே உரித்துத் தின்றான். மஞ்சள் கரு மீசையில் ஒட்டிக்கொண்டது.

கூட இருந்த தையல்காரன் பெரலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து, விடைபெறுகிறவர்கள் சொல்ல வேண்டியதை அவசரமாகச் சொன்னான்: சீயோனுக்காகத் துக்கப்படுகிறவர்களோடு கடவுள் உங்களையும் தேற்றுவாராக. ஆமென் என்றான் கெட்ஸல். பெரல் தொப்பியைத் தேட ஆரம்பித்தான்.

ஹென்யா மகளைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியாடி?"

"இன்னும் இல்லம்மா."

"அங்க யாரும் இல்ல," என்றான் கெட்ஸல், சுவரைப் பார்த்தபடியே. "நீ யார்கிட்ட பேசுற?"

"நான் பெத்தவகிட்ட. வாரம் தவறாம பன்னிக்கறி தின்னுட்டு வர்ற வாயி, எம்பொண்ணு செத்துட்டான்னு சொல்லிச்சு. அதைக் கேட்டுக்கிட்டு நானும் இதுல உக்காந்தேன் பாருங்க, அதை நெனச்சாதான் எனக்கு வாந்தி வருது."

பெரல் தொப்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். ஹென்யா எழுந்து, துக்கத்துக்காகக் கழற்றி வைத்திருந்த தோல் செருப்பை மாட்டினாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பி நின்று, வந்துபோகிற வெளியாள் சொல்வதைப் புருஷனிடம் சொன்னாள்.

"சீயோனுக்காகத் துக்கப்படுறவங்களோட கடவுள் உங்களையும் தேத்தட்டும்."

நாலு நாளாகச் சொல்லிப் பழகிய வாய். "ஆமென்," என்றான் கெட்ஸல்.