அஞ்சலிக்குப் பிறகும் இருந்த மாமா

சிதம்பரத்தில் அக்கா வீட்டுக் கொல்லையில், தண்ணீர் மோட்டாரை மூடி ஒரு பிளக்ஸ் பேனர் கிடக்கிறது. 'கண்ணீர் அஞ்சலி' என்ற மேல்வரியையும் பெயர் இருந்த கீழ்வரியையும் கத்தரித்தாயிற்று. மிச்சமிருப்பது அக்காவின் கணவர் முகம். அந்த அஞ்சலி வைக்கப்பட்ட நேரத்தில் மாமா கடலூரில், தாம் உயிரோடு இருப்பதை அரசாங்கத்துக்கு நிரூபித்துக்கொண்டிருந்தார்.

2010 மே மாதம். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை கருவூலத்துக்கு வந்து, தாங்கள் சாகவில்லை என்று காட்ட வேண்டும். நேர்காணல் என்பது அதன் மரியாதையான பெயர். அந்த மேசையில் பல வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் என்பதால் மாமாவுக்குத் துணையாகப் போயிருந்தேன். கேட்ட சான்றுகளையெல்லாம் ஒழுங்காகக் கொண்டுவந்தவர், செல்போனை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

அன்று காலை அவர்கள் தெருக் கோயில் விழாக் குழுத் தலைவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தெருப் பையன்கள் பிளக்ஸ் கடைக்குப் போனில் சொன்னார்கள்: "திருவிழா பேனர்ல தலைவர் போட்டோ இருக்கும்ண்ணே, அதையே போட்டுடுங்க." அந்தப் பேனரில் எல்லாரையும்விடப் பெரிதாக இருந்தவர் துணைத் தலைவரான மாமா, பேனர் அவருடைய உபயம். பெரிய முகம்தான் தலைவர் என்று கடைக்காரர் முடிவு செய்தார். உடல் வீடு வந்து சேருவதற்குள் பேனர் ஏறிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து ஒழுங்கு. அந்த அவசரத்தில், கட்டியவர்கள் கயிற்றைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை.

காய்கறி வாங்கித் திரும்பிய அக்கா பார்த்தாள். இறந்த தலைவரின் பெயர் சரியாகத்தான் அச்சாகியிருந்தது. முகத்தைப் பார்த்தவள் பெயரைப் படிக்கவில்லை. வீட்டுக்கு ஓடி மாமாவின் செல்லுக்குப் போட்டாள். அது உள்ளறையில் அடித்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சரிந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் என் செல்லுக்குப் போன் செய்ய, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஈசிஜி மாரடைப்பு என்றது. ஆஞ்சியோவில் ஓர் அடைப்பும் இல்லை. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று, தணிக்கைக்காரனைப் போல நான் கேட்டேன். பெண் மருத்துவர் ஒருவர் எக்கோப் படத்தைக் காட்டினார்.

"திடீர்னு பெரிய அதிர்ச்சி வந்தா, உடம்புல சுரக்குற சுரப்பு ஒரேயடியா பொங்கி இதயத்தையே அடிச்சிடும் சார். இந்த நுனிப் பக்கம் பாருங்க, சுருங்காம பானை மாதிரி உப்பி நிக்குது. பெரும்பாலும் தானா சரியாயிடும். ஆனா இப்பத்திக்கு ஆபத்துதான். பிரஷர் எறங்குது."

மாமா தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு எதிரே, கண்ணாடி வழியாகத் தம் முகம் உள்ளே தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் முகம் மறைந்துவிடுமாம்.

மறுநாள் அக்கா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். உள்ளே விட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "செல்லு எதுக்குங்க வாங்குனது? சாமி மாடத்துல வச்சிக் கும்புடவா?"

மாமா அப்போதுதான் அழுதார்.

சில வாரங்களில் இதயம் பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது. பையன்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். "சாரி மாமா, கடைக்காரன் மாத்திட்டான்."

"போட்டோ நல்லாத்தான்டா இருக்கு. அந்த பேனர இங்க கொண்டாங்க, மோட்டாருக்கு ஆவும்" என்றார் மாமா.

முகம் உள்பக்கம் இருக்கும்படிதான் மூட வேண்டும் என்று அக்கா நிபந்தனை போட்டாள். அப்படியே மூடினார்.

2012இல் மாமா தூக்கத்திலேயே இறந்தார். இந்த முறை ஆள் மாறவில்லை. மருத்துவரின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் வண்டியும் நிறுத்தி, நான் அக்காவையே கவனித்தபடி நின்றேன். அழுதாள்; தண்ணீர் கேட்டாள்; மறுபடி அழுதாள். அவள் இதயம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பேனர் பற்றிக் கேட்கப் பையன்கள் தயங்கித் தயங்கி வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணாம்ப்பா. அவுருக்குத்தான் ஏற்கெனவே வச்சிட்டீங்களே."

சென்ற வாரம் போயிருந்தேன். மோட்டார்மேல் பேனர் திருப்பிப் போடப்பட்டிருந்தது, முகம் வெளிப்பக்கமாக. அதன்மேல் ஒரு பழைய சாக்கு. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னாள்:

"வெயில்ல மூஞ்சி வெளுத்துப் போவுது தம்பி. சாயங்காலமானா சாக்க எடுத்துடுவேன்."